பாதியில் நிற்கலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. காலைக் காப்பியோடு நிதானமாகப் படியுங்கள்.

போன மாதம் ஒரு பழைய மாணவர் போன் செய்தார். கீரனூரில் என்னிடம் கணக்குப் படித்தவர். இப்போது நாற்பத்தைந்து வயது, வெளியூரில் நல்ல வேலை. பேர் வேண்டாம். "எங்கப்பா இருக்கே?" என்றேன். "ஆஸ்பத்திரியில சார்" என்றார்.

பயந்துவிட்டேன். மாரடைப்போ என்று நினைத்தேன். அது இல்லை. பக்கத்துத் தெருவில் குரூப் ஃபிட்னஸ் வகுப்பு ஒன்றில் சேர்ந்திருக்கிறார். இருபது பேர், ஒரு பயிற்சியாளர், காது கிழியப் பாட்டு. முதல் நாளே ஸ்குவாட் மட்டும் இருநூறுக்கு மேல் போட்டிருக்கிறார். ஸ்குவாட் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம தோப்புக்கரணம்தான், காதைப் பிடிக்காமல். மூன்றாம் நாள் காலையில் எழுந்தால் தொடை இரண்டும் வீங்கிக் கல்லாகிவிட்டது. கட்டிலை விட்டு இறங்க முடியவில்லை. சிறுநீர் பால் கலக்காத டீ நிறத்தில் போயிருக்கிறது. நல்லவேளையாக வீட்டுக்காரம்மா உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்விட்டார். ஐந்து நாள் டிரிப்ஸ். சிறுநீரகம் தப்பித்தது.

"ஏம்ப்பா, வலிக்கும்போதே நிறுத்தியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

அவர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. "நீங்கதானே சார் சொல்லுவீங்க, பாதியில நிக்கிறவன் எதையும் முடிக்க மாட்டான்னு. பக்கத்துல எல்லாரும் போட்டுட்டு இருந்தாங்க. நான் மட்டும் எப்படி நிக்கிறது?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்து நான்கு வருடம் வகுப்புக்கு வகுப்பு நான் சொன்ன வாக்கியம் அது. உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். கணக்குக்கு அது சரி. உடம்புக்கு அது தப்பு என்று எனக்கே அறுபது வயதுக்கு மேல்தான் புரிந்தது.

எனக்குப் புரிந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு மகள் வீட்டில் சில மாதம் இருந்தேன். அந்தக் குடியிருப்பில் காலை ஆறு மணிக்கு இதே மாதிரி ஒரு வகுப்பு. "சும்மா வாங்கப்பா, நல்லா இருக்கும்" என்று மகள் கூட்டிப்போனாள். எனக்கு இடப்பக்கம் முப்பது வயதுப் பெண், வலப்பக்கம் கல்லூரிப் பையன். அந்தப் பையன் கை தூக்கும் வேகத்துக்கு நானும் தூக்கினேன். அவன் குதித்தான், நானும் குதித்தேன். பன்னிரண்டாவது நிமிடம் கண் இருட்டியது. சுவரைப் பிடித்துக்கொண்டேன். "கமான் சார்! நிக்காதீங்க! இன்னும் ஒன்னே ஒன்னு!" என்று பயிற்சியாளர் கத்தினார். நல்ல பிள்ளைதான், உற்சாகப்படுத்துவதாக நினைத்தார். இருபது பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெட்கத்தில் இன்னும் இரண்டு போட்டேன். அந்த இரண்டை உடம்பு கேட்கவில்லை, வெட்கம்தான் கேட்டது.

நான் சொல்ல வருவது இதுதான். கூட்டத்தோடு உடற்பயிற்சி செய்வது நல்ல விஷயம். ஆனால் கூட்டத்தின் வேகம் உங்கள் வேகம் அல்ல. முதலில் குறைவாகச் செய்யுங்கள், நடுவில் வெட்கப்படாமல் நில்லுங்கள், கடைசியில் கொஞ்சம் மிச்சத்தோடு வீட்டுக்குப் போங்கள்.

கூட்டத்தின் நன்மையை நான் மறுக்கவில்லை. தனியாக என்றால் மூன்றாம் நாளே போர்வையை இழுத்து மூடிக்கொள்வோம். நான்கு பேர் காத்திருந்தால் எழுந்து போவோம். உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன கணக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. அதைத் தனியாக எட்டுகிறவர்கள் குறைவு. ஆனால் எழுப்பிவிடும் அதே கூட்டம்தான் அளவுக்கு மீறியும் தள்ளிவிடுகிறது.

கணக்கு வாத்தியார் என்பதால் கேள்வித்தாளை வைத்தே சொல்கிறேன். பொதுத்தேர்வில் கேள்வித்தாளைப் படிக்க மட்டும் 10 நிமிடம் கொடுக்கிறார்களே, எதற்கு? முழுத்தாளையும் பார்த்து நேரத்தைப் பங்கு போடத்தான். 180 நிமிடம், 100 மார்க். ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம் கூட இல்லை. முதல் கேள்வியிலேயே முக்கால் மணி நேரம் உட்கார்ந்தவர்கள் கடைசியில் தெரிந்த கேள்வியைக் கூட எழுதாமல் தாளைக் கொடுத்ததை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சி வகுப்பும் அப்படித்தான். தொடங்கும் முன் பயிற்சியாளரிடம் போய்க் கேளுங்கள்: இன்று மொத்தம் எத்தனை நிமிடம்? எத்தனை சுற்று? எது கடினமான பகுதி? 45 நிமிடத்தில் முதல் எட்டு நிமிடம் உடம்பைச் சூடாக்க, கடைசி ஏழு நிமிடம் ஆறவைக்க என்றால் நடுவில் முப்பது நிமிடம்தான் வேலை. ஐந்து சுற்று என்றால் முதல் சுற்றில் உங்களால் முடிந்ததில் பாதிக்குக் கொஞ்சம் மேலே செய்யுங்கள். பத்து போட முடியும் என்றால் ஆறு போதும். ஐந்தாவது சுற்றிலும் அதே ஆறு ஒழுங்காகப் போட முடிந்தால் அன்றைய கணக்கு சரி. முதல் சுற்றில் பதினைந்து, ஐந்தாவது சுற்றில் முதுகை வளைத்துக்கொண்டு இரண்டு என்றால் விடை தப்பு.

இதைப் புதிதாகக் கற்றுக்கொள்ள நாம் எங்கும் போகவேண்டியதில்லை. பழனி மலை நமக்குப் பக்கம். 693 படி. பள்ளிக்கூடப் பையன்கள் முதல் நூறு படியை ஓடியே ஏறி, இடும்பன் சன்னதி வருவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். எழுபது வயது ஆத்தா ஒருத்தி முதல் படியில் என்ன வேகமோ அதே வேகத்தில், பேத்தியோடு பேசிக்கொண்டே அவர்களைத் தாண்டிப் போவார். படி ஏற முடியாது என்று பட்டால் சரிவான யானைப் பாதை இருக்கிறது. அதில் போகிறவர்களை யாரும் கேலி செய்ததில்லை. வின்ச்சும் இருக்கிறது. சேருகிற இடம் ஒன்றுதான்.

தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை வருகிறவர்களைப் பாருங்கள். காரைக்குடிப் பக்கமிருந்து நகரத்தார் காவடியோடு நாள் கணக்கில் நடந்து வருகிறார்கள். பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரித் தீர்த்தத்தைச் சுமந்துகொண்டு கொங்கு நாட்டு ஜனங்கள் நடந்து வருகிறார்கள். எல்லாம் கூட்டம்தான். ஆனால் விடியும் முன் நடப்பார்கள், உச்சி வெயிலில் மரத்தடியில் படுப்பார்கள், வெயில் தாழ்ந்ததும் திரும்ப நடப்பார்கள். கால் கொப்பளித்தவரை ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். "நிக்காதே, நட" என்று யாரும் கத்துவதில்லை. ஓய்வும் அந்த நடையில் ஒரு பகுதி. அதனால்தான் சாதாரண உடம்புக்காரர்களும் அவ்வளவு தூரம் வந்து சேர்கிறார்கள்.

சரி, நம் வேகம் எது என்று எப்படித் தெரிந்துகொள்வது? மூன்று வழி சொல்கிறேன்.

முதல் வழி, பேச்சு. பயிற்சியின் நடுவில் பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் அது மிதமான அளவு. நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினால் அது கடுமை. ஒரு வார்த்தை கூட வரவில்லை என்றால் குறைத்துக்கொள்ளுங்கள். காசில்லாத கருவி இது.

இரண்டாவது, மனசுக்குள் ஒரு மார்க். சுவீடன் நாட்டு உளவியல் அறிஞர் குன்னார் போர்க் 1960களில் ஓர் அளவுகோல் உருவாக்கினார். 6இல் தொடங்கி 20இல் முடியும். 6 என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது, 20 என்றால் இதற்கு மேல் உயிர் போய்விடும் என்பது. நீங்கள் சொல்லும் எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத்துடிப்பு வரும் என்று அமைத்தார். வகுப்புக்குப் புதியவர்கள் 12, 13ஐத் தாண்டவேண்டாம். 'கொஞ்சம் கஷ்டம்தான், ஆனால் தொடரலாம்' என்ற நிலை அது.

மூன்றாவது, கையில் கட்டும் வாட்ச். 220இலிருந்து வயதைக் கழித்தால் அதிகபட்ச இதயத்துடிப்பு என்பார்கள். எனக்கு 66, ஆக 154. இது தோராயம்தான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு கூடக் குறைய இருக்கும். ரத்த அழுத்தத்துக்குச் சிலவகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பே ஏறாது, அவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆகவே வாட்ச்சை விட மூச்சை நம்புங்கள்.

இன்னொன்று. இப்போது 'டபாட்டா' என்ற பெயரில் நிறைய வகுப்புகள் நடக்கின்றன. அது ஒரு ஜப்பானிய விஞ்ஞானியின் பெயர், இசுமி டபாட்டா. 1996இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 20 விநாடி முழு வேகம், 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுத் தடவை. மொத்தம் நான்கு நிமிடம் கூட இல்லை. அதோடு உடம்பில் ஒன்றும் மிச்சமிருக்காது. செய்தவர்கள் விளையாட்டுப் பழக்கமுள்ள இளைஞர்கள், அதுவும் நகராத சைக்கிளில். அதே பெயரில் நாற்பது நிமிடம் நடத்தினால் இரண்டில் ஒன்றுதான் நடக்கும்: அது டபாட்டாவாக இருக்காது, அல்லது நீங்கள் நன்றாக இருக்கமாட்டீர்கள்.

'இப்படி எல்லாரும் அளந்து அளந்து செய்தால் யார் சார் முன்னேறுவது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. மில்கா சிங் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 400 மீட்டரில் வெண்கலத்தை விநாடியில் பத்தில் ஒரு பங்கில் தவறவிட்டார். பாதிக்கு மேல் வந்ததும் வேகமாக ஓடிவிட்டோமோ என்று நினைத்துத் தளர்த்தியதையும், பக்கத்தில் வருகிறவர்களைப் பார்த்ததையும் அவரே பிற்பாடு வருத்தத்தோடு சொல்லியிருக்கிறார். நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது: அளவை ஓடும் முன் முடிவு செய், ஓடும்போது பக்கத்தில் பார்க்காதே. அவருக்கு எதிரே பதக்கம் இருந்தது. நமக்கு நாளைக் காலையும் எழுந்து வரவேண்டும் என்பதுதான் பதக்கம். முன்னேற்றம் வரும். இந்த வாரம் ஆறு என்றால் அடுத்த வாரம் ஏழு. ஒரே நாளில் இருநூறு இல்லை.

என் மாணவருக்கு வந்ததற்கு ராப்டோமயோலிசிஸ் என்று பெயர். பழக்கமில்லாத தசையை அளவுக்கு மீறி வேலை வாங்கினால் தசைநார் உடைந்து, அதிலிருக்கும் மயோகுளோபின் ரத்தத்தில் கலக்கிறது. அதை வடிகட்டப்போய்ச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. மூன்று அடையாளம்: சாதாரண உடல்வலியை மீறிய வலி, வீக்கத்தோடு பலவீனம், டீ நிற சிறுநீர். பயிற்சி செய்த மூன்று நான்கு நாளுக்குள் இவற்றில் எது வந்தாலும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டில் படுக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பயிற்சியின் நடுவில் நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல் என்றால் அந்த நிமிடமே நிறுத்துங்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள் சேரும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

என் மாணவர்களில் சிலர் இப்போது உடற்கல்வி ஆசிரியர்கள், ஒன்றிரண்டு பேர் ஜிம் நடத்துகிறீர்கள். உங்களிடம் ஒரு விண்ணப்பம். வகுப்பு தொடங்கும்போதே, "யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், மூச்சு வந்ததும் சேர்ந்துகொள்ளலாம்" என்று சத்தமாகச் சொல்லுங்கள். நிற்கிறவர் பெயரைச் சொல்லிக் கத்தாதீர்கள். புதிதாக வந்தவருக்கு எளிதான வடிவத்தை நீங்களே செய்து காட்டுங்கள். கூட்டத்தில் நிற்பதற்குத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் தேவைப்படாத வகுப்பை நடத்துகிறவர்தான் நல்ல ஆசிரியர். நான் அப்படி இருக்கவில்லை. ஒரு விளையாட்டு விழாவில் 1500 மீட்டர் ஓட்டத்தில் மூன்றாவது சுற்றில் உட்கார்ந்துவிட்ட பையனை மைக்கில் பெயர் சொல்லி "எழுந்து ஓடுடா" என்றேன். மைதானமே சிரித்தது. அவன் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கமே வரவில்லை. தம்பி, இதைப் படித்தால் மன்னித்துக்கொள்.

ஆஸ்பத்திரியில் இருந்த மாணவர் இப்போது வீடு திரும்பிவிட்டார். டாக்டர் அனுமதித்த பிறகு காலையில் இருபது நிமிடம் நடக்கிறாராம். "நடுவுல ஒரு டீக்கடையில நின்னுட்டுத்தான் வர்றேன் சார்" என்றார். "நில்லு சாமி, நல்லா நில்லு" என்றேன்.

ஆகவே அந்த வாக்கியத்தை எல்லோரும் திருத்திக்கொள்ளுங்கள். பாதியில் நிற்கலாம். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தொடங்கலாம். நாளைக்கும் வரலாம்.

நீங்கள் இப்படி ஏதாவது வகுப்புக்குப் போகிறீர்களா, அங்கே நிற்கவிடுகிறார்களா என்று கீழே எழுதுங்கள். எல்லாவற்றையும் படிப்பேன். பதில் போட மட்டும் கொஞ்சம் தாமதமாகும், அதையும் என் வேகத்தில்தான் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார், கீரனூர்