கேஸ் கீசர் மரணங்கள்: யார் பொறுப்பு?

குளிர்காலம் வந்தால் பெங்களூரு, மும்பை, தில்லி போன்ற நகரங்களிலிருந்து ஒரே மாதிரியான செய்தி வருகிறது. குளிக்கப் போனவர் வெளியே வரவில்லை. கதவை உடைத்துப் பார்த்தால் மயங்கிக் கிடக்கிறார். கேஸ் கீசர் எரிந்துகொண்டிருக்கிறது. ஜன்னலைச் சாத்தியதுதான் காரணம் என்று அப்போதே முடிவுகட்டிவிடுகிறோம். பழி இறந்தவர் தலையில் விழுகிறது. அந்தக் கீசரைத் தயாரித்தவர், விற்றவர், குளியலறைக்குள் மாட்டிக்கொடுத்தவர் ஆகியோரை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்டாக வேண்டும்.

எரிவாயு முழுமையாக எரிய ஆக்சிஜன் தாராளமாகத் தேவை. அடைத்த சிறிய அறையில் அது குறையக் குறைய, சுடரிலிருந்து கார்பன் மோனாக்சைடு வெளியேறும். ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் வாயு இது. சிலிண்டர் கசிந்தால் மூக்கு காட்டிக்கொடுத்துவிடும்; அதற்கென்றே எரிவாயுவில் வாடை சேர்க்கிறார்கள். எரியும்போது உருவாகும் இந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். என்னவென்று புரிவதற்குள் கால் துவண்டுவிடும். தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தெம்பு இருக்காது. கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத ஆபத்தில் 'நீங்கள்தான் கவனமாக இருந்திருக்க வேண்டும்' என்பது நியாயமல்ல. புகையை வெளியே தள்ளும் குழாய், ஆக்சிஜன் குறைந்தால் தானே அணையும் அமைப்பு, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் எச்சரிக்கை ஆகியவை பொருளோடு சேர்ந்தே வர வேண்டும்.

இந்தப் பாடத்தை ஜப்பான் பெரும் விலை கொடுத்துக் கற்றது. பலோமா நிறுவனத்தின் வாட்டர் ஹீட்டர்களால் 1985 முதல் 2005 வரை 28 விபத்துகள் நேர்ந்து 21 பேர் இறந்தது 2006-இல் அம்பலமானது. கட்டுப்பாட்டுப் பெட்டி பழுதானபோது, பழுதுபார்க்க வந்தவர்கள் பாதுகாப்பு அமைப்பைத் தாண்டி ஒயரை மாற்றி இணைத்திருந்தார்கள். விளைவு, புகையை வெளியேற்றும் மின்விசிறி ஓடாவிட்டாலும் ஹீட்டர் எரிந்தது. வெளியாட்கள் செய்த மாற்றம், எங்கள் பொருளில் குறையில்லை என்றுதான் நிறுவனம் முதலில் சொன்னது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விபத்துகள் நடப்பது தெரிந்தும் கருவிகளைச் சோதிக்கவோ திரும்பப் பெறவோ நடவடிக்கை எடுக்காதது குற்றம் என்று, 2010-இல் நிறுவனத்தின் முன்னாள் தலைவருக்கும் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவின் முன்னாள் பொறுப்பாளருக்கும் தண்டனை விதித்தது. அது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை என்றாலும் செய்தி தெளிவாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு முன்பே, 2007-இல், கடுமையான விபத்து பற்றித் தெரியவந்த 10 நாட்களுக்குள் தயாரிப்பாளர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற சட்டத்திருத்தமும் அங்கு நடைமுறைக்கு வந்துவிட்டது.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் சார்ந்த பொறுப்புக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், போதிய எச்சரிக்கை தரப்படாவிட்டாலும் தயாரிப்பாளர் பொறுப்பு. பழுதுபார்ப்பவரும் விற்பனையாளரும்கூட உரிய சூழல்களில் பதில் சொல்ல வேண்டும். இறந்தவரின் வாரிசுகள் இழப்பீடு கேட்கலாம். தப்பிக்க இடமும் அதே சட்டத்தில் உண்டு. பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தால் விற்பனையாளர் மீது வழக்கு நிற்காது. எல்லாருக்கும் தெரிந்த ஆபத்தைப் பற்றி எச்சரிக்கவில்லை என்று தயாரிப்பாளரைக் குற்றம் சொல்ல முடியாது. கார்பன் மோனாக்சைடை எல்லாருக்கும் தெரிந்த ஆபத்து என்று எந்த நுகர்வோர் ஆணையமும் ஏற்கக் கூடாது. 'கேஸ் வாடை வரவில்லையே' என்று நிம்மதியாகக் குளிப்பவர்கள்தான் இங்கே அதிகம்.

பாதுகாப்பு அமைப்புகளைச் சேர்த்தால் விலை கூடும், ஏழைகள் வாங்க முடியாது என்பார்கள். விலை குறைவு என்பதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்வது ஏழைகளுக்குச் செய்யும் உபகாரமாகாது. பயன்படுத்துபவரின் அலட்சியமும் சில நேரம் காரணமாகலாம்; அதை விசாரணை சொல்லட்டும், ஊகம் சொல்ல வேண்டாம்.

விசாரணைக்கு ஆதாரம் வேண்டும். இப்படிப்பட்ட ஒவ்வொரு மரணத்திலும் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பரிசோதிப்பதையும், கருவியை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதையும் காவல்துறைக்குக் கட்டாயமாக்க வேண்டும். ஜப்பானைப் போல, விபத்தை மறைக்காமல் தெரிவிக்கும் கடமையைத் தயாரிப்பாளருக்கு விதிக்க வேண்டும். ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆணையம் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கேஸ் கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் மாட்டுங்கள். வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துங்கள். அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால், ஆய்வு முடியும்வரை கருவியைக் கழற்ற யாரையும் அனுமதிக்காதீர்கள். நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர 2 ஆண்டு அவகாசம் உண்டு.