ஒதியமரம் மொட்டையானால் வீட்டு விலை குறையுமா?

‘‘கார்த்திகையில் வீட்டைப் பார்த்து அட்வான்ஸ் கொடுத்தவர், சித்திரையில் மறுபடி வந்தார். ‘பக்கத்து மாடியிலிருந்து புழக்கடை அப்படியே தெரிகிறது’ என்று விலையைக் குறைக்கச் சொல்கிறார். வேலியோர ஒதியமரங்கள் பட்டுப்போனவை போல நிற்கின்றன. மகள் கல்யாணத்துக்காகத்தான் விற்கிறோம். மரங்களை வெட்டிவிட்டு மதில் எழுப்பலாமா?’’

- வாசகி, குயிலாப்பாளையம்.

மரங்கள் பட்டுப்போகவில்லை. ஒதியன் தை, மாசியில் இலை கொட்டி, வெயில் காலம் முழுக்க மொட்டையாக நிற்கும். மழை ஈரம் கண்டதும் துளிர்க்கும். சந்தேகம் இருந்தால் பட்டையை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. கிளுவை வேலியும் இப்படித்தான். வேம்பு மாசி, பங்குனியில் உதிர்த்தாலும் சட்டென்று துளிர்த்துவிடும்.

கார்த்திகையில் வந்தவர் கண்ணில் பட்டது இலைத்திரை மட்டும். மாடி அப்போதும் அங்கேதான் இருந்தது. 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55-ன்படி, சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறை விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதை அவர் சொல்லியாக வேண்டும். நிமிர்ந்து பார்த்தால் தெரியும் மாடி இதில் வருமா என்பதை, ஒப்பந்தத்தை வழக்கறிஞரிடம் காட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. ஆனாலும், கோடையில் அங்கே குளிக்கும் பெண்களுக்கு உள்ள சங்கடம் இந்த வீட்டாருக்குத் தெரியும். முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்று பேரம் இந்த அளவுக்கு இறுகியிருக்காது.

மதிலுக்குச் செலவு செய்ய வேண்டாம். எல்லையில் எழுப்பும் 6 அடி மதில், மாடியிலிருந்து வரும் பார்வையைத் தடுக்காது. பார்வை மேலிருந்து சரிந்து இறங்குகிறது. மறைப்பு குளிக்கும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு குறைந்த உயரம் போதும். துவைக்கிற கல்லை ஒட்டி, மாடிப் பக்கமாகத் தென்னங்கீற்றுத் தட்டி கட்டி, மேலேயும் இரண்டு கீற்று சாய்த்தால் ஒரே நாளில் வேலை முடியும். வாங்குபவரை அழைத்து அதைக் காட்டிப் பேசலாம்.

ஆடி மழைக்கு, வேலியோரம் கொடுக்காப்புளி விதையை இரவு ஊறவைத்து, 1 அடி இடைவெளியில் ஊன்றலாம். கவாத்து செய்துவந்தால் அடியிலிருந்தே அடர்ந்து வரும். கோடையிலும் பச்சை இருக்கும். முள் உண்டு, குழந்தைகள் ஓடும் பக்கம் வேண்டாம். அங்கே ஆடு கடிக்காத ஆடாதொடைக் குச்சியை நடலாம். உயரத்துக்கு மகிழம், நாவல். மரக்காணம் உப்பளத்தை ஒட்டிய வீடுகளுக்குப் புன்னை, பூவரசு. இவை நிதானமாக வளர்பவை, பலன் வாங்குபவருக்குத்தான். கோடையிலும் இலை மூடியிருக்கும் நம்மூர் மரங்களைப் பார்க்க, கீழ்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டுக்குச் சித்திரையில் போய் வரலாம்.

ஒரே வருடத்தில் மறைத்துவிடலாம் என்று கத்திக்கருவேலை வரிசையாக வைத்துவிட வேண்டாம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது, ஆரோவில் பகுதியில் அந்த மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன.

ஒதியனை இப்போது வெட்டவும் கூடாது. விற்பனை ஒப்பந்தம் இருக்கும் நிலையில், தனியாக எழுதிக்கொள்ளாதவரை நிலத்தோடு சேர்ந்து மரமும் வாங்குபவருக்குப் போகும். அவரைக் கேட்காமல் கோடரி எடுத்தால் விலைப் பேச்சோடு மரப் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.