கதைப் புத்தகம் படித்தால் பெண் கெட்டுவிடுவாளா?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி மனம் நொந்து எழுதியிருந்தார். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிக்கிறாளாம். பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். பரீட்சை முடியும்வரை கதை என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று கண்டித்தும் விட்டாராம். அவர் கவலை எனக்கும் புரிகிறது. எனக்கும் இரண்டு பெண்கள். ஆனாலும் அந்த பீரோவை அவர் திறந்துவிட வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

என் சின்னவள் ஒன்பதாவது படிக்கிறாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டு, அப்பத்தா ஊற்றித் தரும் வெள்ளைப் பணியாரத்தைக் காரச் சட்னியில் தொட்டுத் தின்றுவிட்டு, திண்ணையில் ஆத்தங்குடிக் கல் சில்லென்று முதுகில் பட, படுத்துக்கொண்டு நாலு பக்கம் படிக்க வேண்டும். "இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்பாள். வைகாசியில் கொப்புடையம்மன் திருவிழா, சந்தைக்குப் போனால் கண்ணாடி வளையல், ராத்திரி மொட்டை மாடியில் அக்காவோடு அரட்டை என்று அவள் சந்தோஷங்கள் எல்லாம் சின்னச் சின்னவை. அதில் பெரிய சந்தோஷம் புத்தகம்தான்.

அவளுக்குப் பிடித்தவற்றையும் சொல்லிவிடுகிறேன். 1950 முதல் 1954 வரை கல்கி எழுதிய 'பொன்னியின் செல்வன்' முதலிடம். அதிலும் குந்தவை, நந்தினி எல்லாம் அப்புறம்தான். இருட்டில் தனியாகப் படகு ஓட்டும் பூங்குழலிதான் அவள் ஆள்! ஜப்பான்காரர் எழுதிய 'டோட்டோ-சான்' அடுத்தது. சேட்டை செய்கிறாள் என்று ஒரு பள்ளிக்கூடத்தில் வெளியே அனுப்பிய சிறுமியை, ரயில் பெட்டிகளையே வகுப்பறையாக வைத்திருந்த இன்னொரு பள்ளிக்கூடம் அணைத்துக்கொண்ட கதை. கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் மாணவியைப் பற்றி இரா. நடராசன் எழுதிய 'ஆயிஷா'வைப் படித்த அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. 2023-ல் சாகித்ய அகாதமியின் பால சாகித்ய விருது பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' நம் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியை வைத்து எழுதியது. அதைப் படித்துவிட்டு ஒற்றைக்காலில் நின்றாள். கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனோம். 'ஆதன்' என்ற பெயரைக் கீறிய பானை ஓடு அங்கே கிடைத்திருக்கிறது என்று அவள்தான் எங்களுக்கு விளக்கம் சொன்னாள். வரலாறு பாடத்தை இந்த ஆசையோடு அவள் படித்து நான் பார்த்ததில்லை.

கதை படிப்பது நம் வீடுகளுக்குப் புதிய பழக்கமும் இல்லை. என் மாமியாரின் தாயார் பெரிய எழுத்து நல்லதங்காள் கதையை ராகம் போட்டுப் படிக்க, வளவில் உட்கார்ந்து சுற்றியிருந்த பெண்கள் கண்ணைத் துடைப்பார்களாம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்கள் நம் அம்மாக்கள்தானே? இன்னும் சொல்லப்போனால் பிள்ளைகளுக்குக் கதையும் பாட்டும் எழுதியவர்களே நம் பக்கத்துக்காரர்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா ராயவரத்தில் பிறந்தவர். வாண்டுமாமா அரிமளத்துக்காரர். துப்பறியும் சங்கர்லாலை உலகம் சுற்ற வைத்த தமிழ்வாணன் தேவகோட்டை. பக்கத்துக் கோட்டையூரில் ரோஜா முத்தையா, ஊரார் வேண்டாமென்று போட்ட நாவல், பத்திரிகை எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். அவர் மறைவுக்குப் பின் 1994-ல் அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய், இன்று வெளிநாட்டு அறிஞர்களும் வந்து படிக்கும் நூலகமாகிவிட்டது. இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு கதைப் புத்தகத்தைக் குப்பை என்று சொல்லலாமா, சகோதரிகளே?

இதைவிட முக்கியமான ஒன்றுக்காகத்தான் இந்தக் கடிதம் எழுதுகிறேன். பதிமூன்று பதினாலு வயசில் பெண்பிள்ளைகள் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொள்கிறார்கள். "என்னடி?" என்றால் "ஒண்ணுமில்ல." அந்த ஒண்ணுமில்லையில் என்னென்னவோ இருக்கும். அதை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்கும் தெரியாது, எப்படிக் கேட்பது என்று நமக்கும் தெரியாது.

போன வருஷம் என் மகள் டியூஷனுக்குப் போகும் வழியில் ஒரு கடை. நோட்டு, பேனா வாங்குவாள். அந்தக் கடைக்காரர் அப்பா வயசுக்காரர்தான். மீதிச் சில்லறை கொடுக்கும்போது கையைப் பிடித்துக்கொண்டு விட மாட்டாராம். இரண்டாவது முறை தோளிலும் கை போட்டிருக்கிறார். அன்று ராத்திரியே என்னிடம் வந்து, "அம்மா, மரப்பாச்சி புத்தகத்துல வர்ற மாதிரி எனக்கும் ஒண்ணு நடந்துச்சு" என்றாள். யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலைத்தான் சொல்கிறாள். 2020-க்கான பால சாகித்ய விருது வாங்கிய புத்தகம். பேசும் மரப்பாச்சி பொம்மையை வைத்து, தவறான தொடுதலைப் பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லியிருக்கிறார். நானும் அதைப் படித்திருந்ததால், அவள் அந்த ஒரு வரி சொன்னதுமே எனக்கு விளங்கிவிட்டது. மறுநாள் அவள் அப்பாவும் நானும் நேரில் போய்க் கேட்க வேண்டியதைக் கேட்டோம். அத்தோடு நின்றது.

நினைத்துப் பாருங்கள். அந்தப் புத்தகம் படிக்காதிருந்தால் "ஒண்ணுமில்ல" என்றே இருந்திருப்பாள். அவள் மேல் தப்பில்லை, வெளியே சொல்லலாம் என்கிற தைரியத்தை அந்தக் கதை கொடுத்தது. அம்மாவாகிய நான் நூறு தடவை "ஜாக்கிரதையா போய்ட்டு வா" என்று சொல்லியும் வராத தைரியம் அது. (இப்படி எதுவும் நேர்ந்தால் பிள்ளைகள் தாங்களே 1098-க்கு போன் செய்து உதவி கேட்கலாம். இதையும் சொல்லி வையுங்கள்.)

"மார்க் குறைஞ்சா யார் பொறுப்பு?" என்று கேட்பீர்கள். பரீட்சை சமயத்தில் நாள் முழுக்கக் கதை படிக்கச் சொல்லவில்லை. படித்துக் களைத்த பிள்ளை அரை மணி நேரம் டி.வி. பார்த்தால் சும்மா இருக்கிறோம். செல்போனை நோண்டினாலும் அலுத்துப் போய் விட்டுவிடுகிறோம். புத்தகத்தை மட்டும் பிடுங்குவது என்ன நியாயம்? மறைத்துப் படிக்கிற பிள்ளைக்குப் பாதிக் கவனம் கதவு மேலேயே இருக்கும். அதனால் பாடமும் ஏறாது, கதையும் ருசிக்காது.

எல்லாக் கதையும் அந்த வயசுக்கு ஆகாது என்பதும் சரிதான். குழந்தைக் கதை அலுத்துப்போய், பெரியவர்கள் நாவலுக்கு இன்னும் பக்குவம் வராத வயசு அது. அந்த வயசுக்கென்றே எழுதுகிறவர்கள் தமிழில் இப்போது இருக்கிறார்கள். 2025-க்கான விருது விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'வுக்குக் கிடைத்திருக்கிறது. எதை வாங்குவது என்று திகைக்கிறவர்கள் இந்த விருதுப் பட்டியலைப் பார்த்தாலே போதும்.

விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. ஊருக்கு ஊர் கிளை நூலகம் இருக்கிறது. காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் 2025 ஜனவரியில் லட்சுமி வளர்தமிழ் நூலகமும் திறந்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அரை நாள் சமையலைச் சுருக்கிக்கொண்டு பிள்ளையோடு ஒரு நூலகத்துக்குப் போய் வாருங்கள். பிறந்தநாளுக்கு எடுக்கும் சுடிதாரோடு ஒரு புத்தகமும் சேர்த்துக் கொடுங்கள். அவள் படித்து முடித்ததும் அதை நீங்களும் கட்டாயம் படியுங்கள். அடுப்படி வேலை முடிந்து, தூங்கப் போகுமுன் பத்துப் பக்கம் போதும். "அந்தப் பொண்ணு ஏன் அப்படிச் செஞ்சா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். கதையில் வரும் பெண்ணைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறவள், கொஞ்ச நேரத்தில் தன்னைப் பற்றிப் பேசுவாள்.

கடிதம் எழுதிய அந்தச் சகோதரிக்கு ஒரு வேண்டுகோள். மகளிடம் திருப்பிக் கொடுப்பதற்கு முன், அந்தப் புத்தகத்தை நீங்கள் ஒருமுறை படித்துப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, காரைக்குடி.