காலைச் செய்தியில் ஏலக்காய் விலை எங்கே?

பங்குச் சந்தை காலை 9.15-க்குத் திறக்கிறது. அதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்தை நம்பித்தான் வணிகத் தொலைக்காட்சிகளின் காலை நிகழ்ச்சிகள் ஓடுகின்றன. இரவில் அமெரிக்கச் சந்தை எப்படி முடிந்தது, டோக்கியோ எப்படித் தொடங்கியது, கச்சா எண்ணெயும் டாலரும் என்ன விலை என்று அலசி, நேயர் அன்றைக்கு வாங்கலாமா விற்கலாமா என யோசிக்க வழிசெய்கிறார்கள். 1999 டிசம்பரில் சிஎன்பிசி இந்தியாவுக்கு வந்த பிறகு வேரூன்றிய பழக்கம் இது.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரின் சந்தை வேறு. நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில், 2007-இல் தொடங்கிய மின்னணு முறையில், போடியிலும் வண்டன்மேடு அருகே புற்றடியிலும் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலைத் தோட்டங்களில் விளையும் காய்க்கு விலை சொல்வது இந்த ஏலங்கள்தான். விடியற்காலையில் போடியிலிருந்து ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்களின் வேலையும் இந்த விலையோடு பிணைந்தது. ஆனால், காலை வணிகச் செய்தியில் ஏலக்காய் தலைகாட்டுவதே அபூர்வம்.

காட்டினாலும் உச்ச விலையைத்தான் காட்டுகிறார்கள். 2018 கேரள வெள்ளமும் அடுத்து வந்த வறட்சியும் விளைச்சலைச் சாய்த்த பின், 2019 ஆகஸ்ட் 3 அன்று புற்றடியில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனது. நாடெங்கும் அது செய்தியானது. அந்த விலை கிடைத்தது தேர்ந்த சரக்குக்கு மட்டும். அன்றைய சராசரி அதைவிட வெகு கீழே. 2022-இல் சராசரி விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது அதே பரபரப்பு எழவில்லை. 7,000-ஐ மனதில் வைத்துக் காயை இருப்பில் வைத்தவருக்கும், தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும் தேவைப்பட்டது அந்த இரண்டாவது செய்திதான்.

விலை இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். வருகிறது, காரணம் வருவதில்லை. உலகில் மிகுதியாக ஏலக்காய் விளைவிக்கும் குவாத்தமாலா, இந்திய ஏலக்காய் ஏற்றுமதியும் குறிவைக்கும் அரபு நாடுகளை நம்பித்தான் விற்கிறது. அங்கே மகசூல் கூடினால் இங்கே விலை சரியும். நியூயார்க் நிலவரம் பங்கு முதலீட்டாளருக்கு எப்படியோ, குவாத்தமாலா நிலவரம் ஏலக்காய் விவசாயிக்கு அப்படி.

விவசாயிக்குத் தேவையான செய்தியை ஒலி, ஒளிபரப்பில் தருவதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 1960-களில் திருச்சி வானொலி எடுத்துச் சொல்லித் தஞ்சை வயல்களில் பரவிய ஏடிடி 27 ரகத்தை, விவசாயிகள் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள். அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய 'ஆக்டே' என்னும் காலைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி, மக்காச்சோளம், சோயா விலைகளை வானிலையோடு சேர்த்துச் சொல்கிறது.

ஏலக்காய் நிலவரத்தைச் சொல்வது தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சிகளுக்குப் பெரிய செலவு அல்ல. ஏலத்துக்கு வந்த சரக்கு, விற்றது, உச்ச விலை, சராசரி விலை ஆகிய நான்கையும் வாரியமே அன்றாடம் வெளியிடுகிறது. அவற்றோடு குவாத்தமாலா விளைச்சலையும் இடுக்கி மழையையும் சேர்த்து விளக்க ஐந்து நிமிடம் போதும். தங்கம் விலை சொல்லி முடித்ததும் அந்த ஐந்து நிமிடத்தை ஒதுக்கலாம். சராசரி விலையை முதலிலும் உச்ச விலையைக் கடைசியிலும் சொல்ல வேண்டும். தேனி மாவட்டக் கேபிள் நிறுவனங்களின் உள்ளூர்ச் சேனல்கள் இதை இந்தப் பருவத்திலேயே தொடங்க முடியும்.