காலிக் கூட்டுக்கு ஏன் அச்சம்?

“ஏம்மா, ஊசியில கிருமியையே ஏத்துறாங்களாமே?” விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தபோது அத்தை கேட்டார். முதலாம் படிவத்தில் பயிலும் அவர் மகளுக்குப் பள்ளியிலிருந்து கடிதம் வந்திருந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை 2010 முதல் நம் நாட்டுப் பள்ளிகளில் 13 வயது மாணவியர்க்கு இலவசமாகப் போடத் தொடங்கினார்கள். நுண்ணுயிரியல் படிக்கும் எனக்கு உடனே தமிழில் பதில் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

யோசித்துச் சொன்னேன். அந்த வைரஸின் மேலுறை பெரும்பாலும் எல்1 என்ற ஒரே புரதத்தால் ஆனது. ஐந்து புரதங்கள் கூடினால் ஒரு பூ. 72 பூக்கள் கூடினால் ஓர் உருண்டை. ஆக 360 புரதங்கள். கட்டித்தரக் கொத்தனார் எவரும் இல்லை, தாமே பொருந்திக்கொள்கின்றன. 1991-இல் ஆஸ்திரேலியாவில் ஜியான் ஜோவும் இயன் பிரேசரும் இப்படிக் கூடு கட்டவைத்துக் காட்டினர். தடுப்பூசியில் இருப்பது இந்தக் காலிக் கூடுதான். உள்ளே மரபணு இல்லாததால் அது பெருகாது, நோய் தராது. உடலோ கூட்டின் வடிவத்தைப் பார்த்தே எதிர்ப்புப் பொருளை உருவாக்கிவிடும்.

அறிவியலுக்குத் தமிழ் போதுமா என்று மேடை போட்டு வாதாடுகிறோம். அதைவிட, இப்படிப்பட்ட கடிதத்தோடு இணைக்க ஒரு பக்கத் தமிழ் விளக்கத்தை நம் கழகம் எழுதித் தரலாம் என்பதே என் கருத்து. கையொப்பமிடப் போகிறவர் தாய். அவருக்குப் புரிய வேண்டாமா?

அத்தை கையொப்பமிட்டார். பிறகு, “பையனுக்கும் வருமா அந்தக் கிருமி?” என்றார்.

வரும் என்றேன்.