ஃபேக்டோரியலை விட்டுத் தொலையுங்கள்

சி பாடத்தில் ரிகர்ஷன் என்றதும் கரும்பலகையில் வந்து நிற்பது ஃபேக்டோரியல்தான். நாலு வரி ஃபார் லூப்பில் முடிகிற வேலை அது. போன வாரம்தான் லூப் படித்த மாணவர், "அதே விடைக்கு எதற்கு இந்தச் சுற்று வழி?" என்று கேட்டால் நியாயம்தானே? போதாக்குறைக்கு, 32 பிட் இன்ட்டில் 12-இன் ஃபேக்டோரியல் வரைதான் அடங்கும். 13-க்கே விடை தப்பாகிவிடும்.

அடுத்து வருவது ஃபிபனாச்சி. இது இன்னும் மோசம். சூத்திரத்தை அப்படியே ஃபங்ஷனாக எழுதி 40-வது எண்ணைக் கேட்டால், அந்த ஃபங்ஷன் 33 கோடி தடவைக்கு மேல் அழைக்கப்படுகிறது. ஏற்கெனவே கண்டுபிடித்ததையே திரும்பத் திரும்பக் கணக்குப் போடுவதால் வரும் வினை. லூப்பில் 39 கூட்டல் போதும். இதைப் பார்த்தவர்கள் ரிகர்ஷனே தண்டம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள் (பரீட்சைக்கு மட்டும் மனப்பாடம்!).

கெர்னிகனும் ரிட்சியும் 1978-ல் எழுதிய சி புத்தகத்தில் வேறு உதாரணம் இருக்கிறது: ஒரு எண்ணை இலக்கம் இலக்கமாக அச்சிடுவது. 472-ஐப் பத்தால் வகுத்தால் முதலில் கைக்கு வருவது மீதி 2. ஆனால் திரையில் முதலில் வரவேண்டியது 4. லூப் என்றால் இலக்கங்களை ஓர் அரேயில் சேர்த்துவைத்து, பின்னாலிருந்து எடுக்க வேண்டும். ரிகர்ஷனில் 47-ஐ அச்சிடச் சொல்லித் தன்னையே அழைத்து, அது முடிந்து திரும்பியதும் 2-ஐ அச்சிட்டால் ஆயிற்று. காத்திருக்கும் இலக்கங்களை ஸ்டாக் பார்த்துக்கொள்ளும். முதல் வகுப்பிலேயே இதைப் போட்டுக் காட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்?