பழையதுக்குத் திரும்பும் வழி

கணினியிலும் கைபேசியிலும் இருக்கும் மென்பொருளை அதைச் செய்த கம்பெனி அவ்வப்போது மாற்றுகிறது. அப்டேட் என்கிறார்கள். மாற்றட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்த மாற்றத்தால் நம் வேலை கெட்டால், நேற்று இருந்த நிலைக்கு நாமே திரும்பிக்கொள்ள ஒரு வழி வேண்டும். அதைக் கம்பெனியின் தயவாக விட்டுவிடாமல், பயன்படுத்துகிறவரின் உரிமையாகவே வைக்க வேண்டும் என்பது என் கருத்து.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி டிடிபி கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மனு, கோயில் நோட்டீஸ் எல்லாம் அங்கேதான். போன தை மாதம், முகூர்த்த நேரம். ஒரு நாள் காலையில் போனால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்துச்சு. ராத்திரி அதுவா ஏதோ அப்டேட் போட்டுக்கிச்சு. இப்ப தமிழ் அடிச்சா கட்டம் கட்டமா வருது" என்றார். பத்து வருடமாகச் சேர்த்து வைத்த மாதிரிப் பத்திரிகைகள் ஒன்றும் ஒழுங்காகத் திறக்கவில்லை. கம்பெனிக்குப் போன் செய்தால், புதுப் பதிப்பைக் காசு கொடுத்து வாங்குங்கள், பழையதுக்குத் திரும்ப வழி கிடையாது என்று பதில். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். மூன்று நாள் ஆர்டரை அவர் பக்கத்துத் தெருக் கடைக்குக் கொடுத்தார். அப்படிப் போன வாடிக்கையாளர் சிலர் திரும்பி வரவே இல்லை.

அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு இது விசித்திரமாகப் படுகிறது. எங்கள் அலுவலகங்களில் எவ்வளவோ குறை உண்டு. ஆனால் ஒரு ஒழுங்கு இருந்தது. புதிய ஆணை வந்தால், எந்த எண்ணுள்ள, எந்தத் தேதியிட்ட ஆணையை அது மாற்றுகிறது என்று முதல் பத்தியிலேயே எழுதியிருக்கும். பழைய ஆணையை யாரும் கிழித்துப் போடுவதில்லை, கோப்பில் இருக்கும். புதிய ஆணையால் சிக்கல் வந்தால், "மறு உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று ஒரு வரி போதும். மறுநாள் பழைய முறைப்படி வேலை நடக்கும்.

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் விட்டுப்போன எத்தா சிவில் பதிவேடுகளிலும் இதே ஒழுங்குதான். பிரெஞ்சு படித்தவன் என்பதால் அந்தப் பழைய ஏடுகளைப் படித்துச் சொல்லும் வேலை என் மேசைக்கு வரும். பிறந்த பதிவில் பெயரைத் திருத்தும்படி கோர்ட்டு சொன்னாலும் எழுதியதைச் சுரண்டி அழிக்கமாட்டார்கள். ஓரத்தில், இன்ன தேதித் தீர்ப்பின்படி இன்ன திருத்தம் என்று குறிப்பு எழுதுவார்கள். பழையதும் தெரியும், புதியதும் தெரியும். மசியும் தாளும் வைத்துக்கொண்டு செய்ததை இவ்வளவு பெரிய கணினி ஏன் செய்யக்கூடாது?

முடியாது என்பதல்ல விஷயம். 2016-இல் வந்த ஆண்ட்ராய்டு 7 முதல் பல கைபேசிகளில் மென்பொருளுக்கு இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் பழையது ஓடிக்கொண்டிருக்கும்போது மற்றதில் புதியது ஏறும். புதியது எழுந்து நிற்காவிட்டால் கைபேசி தானாகவே பழையதுக்குப் போய்விடும். ஆக, வழி நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. சாவிதான் நம்மிடம் இல்லை. கைபேசி எழுந்து நின்றால் போதும், எழுந்த பிறகு நம் வேலை நடக்கிறதா என்று அது கேட்பதில்லை.

விண்டோசில் பெரிய அப்டேட்டுக்குப் பிறகு பழையதுக்குத் திரும்ப ஒரு பொத்தான் உண்டு. அதற்குப் பொதுவாகப் பத்து நாள் கெடு. கெடு முடிந்தால் பழைய பதிப்பை அழித்துவிடும். இதை வைத்தவர்கள் தினமும் கணினி முன் உட்காருகிறவர்களை மட்டுமே நினைத்திருக்கிறார்கள். நம்மைப் போன்ற ஓய்வூதியர் வாழ்நாள் சான்று கொடுப்பது ஆண்டுக்கு ஒரு முறை, நவம்பரில். சங்கத்தின் வரவு செலவை எழுதுகிறவர் மாதக் கடைசியில்தான் கணக்கைத் திறக்கிறார். மார்ச்சில் கெட்டது நவம்பரில் தெரிந்தால், பத்து நாள் கெடுவால் யாருக்கு லாபம்?

2018 அக்டோபரில் விண்டோஸ் 10-க்கு வந்த ஒரு அப்டேட் சிலருடைய கணினியில் அவர்கள் சேமித்த கோப்புகளையே அழித்துவிட்டது. மைக்ரோசாப்ட் அதை நிறுத்தி வைத்து, சரிசெய்து மறுபடி வெளியிட்டது. 2024 ஜூலை 19 இன்னும் பலருக்கு நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்புக் கம்பெனி அனுப்பிய ஒரு பிழையான கோப்பால் உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி 78 நிமிடத்தில் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றது. ஆனால் ஏற்கெனவே விழுந்த கணினிகளை, பெரும்பாலும் ஒவ்வொன்றாக ஆள் போய் உட்கார்ந்துதான் எழுப்ப வேண்டியிருந்தது. அனுப்பியவர் திரும்பிக்கொள்வது சுலபம். வாங்கிக்கொண்டவருக்குத்தான் வழியில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் சொல்ல வேண்டும். அப்டேட்டே வேண்டாம் என்று இருந்தால் திருடன் உள்ளே வருவான். இது உண்மை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற கிருமி பரவியபோது இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகள் தடுமாறின, பிரான்சில் ரெனோ கார் தொழிற்சாலைகளில் வேலை நின்றது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் பூட்டை மாற்றுவது வேறு, வீட்டுக்குள் சமையலறையை இடம் மாற்றுவது வேறு. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டி அனுப்புவதால்தான் இந்தத் தொல்லை. பிரித்து அனுப்ப முடியும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் பல மென்பொருள்களைப் பழைய பதிப்பிலேயே வைத்துக்கொண்டு ஓட்டைகளை மட்டும் அடைக்கிறார்கள். பயர்பாக்சிலும், வசதிகளைச் சும்மா சும்மா மாற்றாமல் பாதுகாப்பை மட்டும் தொடர்ந்து தரும் தனிப் பதிப்பு உண்டு.

சட்டமும் கொஞ்சம் அசைந்திருக்கிறது. 2020 பிப்ரவரியில் பிரான்சின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை ஆப்பிளுக்கு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் விதித்தது. சில அப்டேட்டுகள் பழைய ஐபோன்களை மெதுவாக்கக்கூடும் என்று வாங்கியவர்களுக்குச் சொல்லவில்லை என்பது குற்றம். முந்தைய பதிப்புக்குத் திரும்ப முடியாததால் பலர் பேட்டரியையோ போனையோ மாற்ற நேர்ந்திருக்கலாம் என்றும் அந்தத் துறை தன் அறிக்கையில் குறிப்பிட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய விதி இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒப்பந்தத்தின் பேரில் தரும் மென்பொருளைக் கம்பெனி மாற்றி, அதனால் பயன்பாடு கணிசமாகக் கெட்டால், 30 நாளுக்குள் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். கூடுதல் செலவில்லாமல் பழையபடியே வைத்துக்கொள்ளக் கம்பெனி வழி செய்திருந்தால் அந்தப் பிரச்சினை அதற்கு இல்லை. பழையதைக் காப்பாற்றிக் கொடுப்பது கம்பெனிக்கே லாபம் என்று ஆக்கியிருக்கிறார்கள். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

நம் நாட்டில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் நான்கு விதிகள் வகுத்தால் போதும் என்பேன். ஒன்று, பாதுகாப்பு அப்டேட்டையும் வசதி அப்டேட்டையும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். இரண்டு, வசதி அப்டேட்டை நம்மைக் கேட்டுத்தான் போட வேண்டும், என்ன மாறுகிறது என்பதைத் தமிழிலும் சொல்ல வேண்டும். மூன்று, முந்தைய பதிப்பை ஒரு வருடமாவது எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்க வேண்டும். நான்கு, புதிய பதிப்பு நம் கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுமுன் பழையதன் நகலை எடுத்து வைக்க வேண்டும். இந்த நான்காவது இல்லாமல் மூன்றாவதால் பயனில்லை. பழைய மென்பொருள் கைக்கு வந்தாலும் புது வடிவக் கோப்பை அது திறக்காது.

இதனால் கம்பெனிக்குச் செலவு உண்டு, பழைய பதிப்புகளைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்பார்கள். இருக்கட்டும். இன்றும் செலவு இருக்கத்தான் செய்கிறது. அதை டிடிபி கடைத் தம்பியும் சங்கத்துக் கணக்கரும் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். மாற்றியவர் யாரோ, அதனால் வரும் செலவை அவர் ஏற்பதே நியாயம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். முக்கியமான கோப்புகளை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பேரன் பேத்தி வரும்போது சொன்னால் ஐந்து நிமிடத்தில் செய்து கொடுப்பார்கள்.